தென்வானத்துப் புதுமீன்

கொல்லிமலை, பழந்தமிழ் நூல்களைப் பயின்றார்க்கு நன்கு அறிமுகமான மலையாகும். வில்லாண்மையிற் சிறந்த ஓரி என்னும் வள்ளல் ஆண்டதும், கொல்லிப்பாவை உறைவதாக முன்னோர் கருதியதும் இம்மலையே. இன்று நாமக்கல் மாவட்டத்தில் அடங்கிய இம்மலை, யான் கூறப்போகும் நிகழ்ச்சி நடந்த 1987 ஆம் ஆண்டிற் சேலம் மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. காரவல்லி என்னும் அடிவாரத்திலிருந்து 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து மேலே சென்றால், பலாவும் மிளகும் காப்பியும் செறிந்த சோலைகளையும், சாமையும் தினையும் விளையும் சரிவுகளையும் காணலாம். 1,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரமும், விளக்கொளி மிகாத இருளும் கூடிய அவ்விடத்தில் இரவு வானம் சமவெளியிற் காண்பதினும் பன்மடங்கு தெளிவுடையதாக இருந்தது.

அம்மலைமேல் அமைந்த ஒரு பள்ளியில் யான் தமிழாசிரியனாக இருந்தேன். அப்போது எனக்கு அகவை 27. முதிய புலவர் ஒருவரிடம் இலக்கண இலக்கியங்களை முறையாகப் பாடங்கேட்டவன் யான். நன்னூலும் நிகண்டும் எனக்கு மனப்பாடம். எவ்வினாவிற்கும் விடை நூலில் உண்டு என்னும் நம்பிக்கையும், அந்நம்பிக்கையோடு ஒட்டிப் பிறந்த செருக்கும் என்பால் இருந்தன. அச்செருக்கை ஒரு மாணவனின் வினா எவ்வாறு அடக்கியது என்பதையும், அவ்வினாவிற்கு அன்று யான் கூறாதுவிட்ட விடையையும் இப்பாடத்தில் எடுத்துரைக்க விழைகின்றேன்.

1987 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 24 ஆம் நாள், தென் அமெரிக்காவிலுள்ள சிலி நாட்டில், லாஸ் கம்பானாஸ் என்னும் மலையிலிருந்து வானத்தை ஆராய்ந்துகொண்டிருந்த இயன் ஷெல்டன் என்பார், தாம் எடுத்த ஒளிப்படத் தகட்டில், முன்னர் இல்லாத ஒரு விண்மீனைக் கண்டார். அதே மலையில் தொலைநோக்கியை இயக்கும் பணியிலிருந்த ஆஸ்கார் துவால்டே என்பார் அதனை வெறுங் கண்ணாலேயே கண்டிருந்தார். நியூசிலாந்து நாட்டில் ஆல்பர்ட் ஜோன்ஸ் என்னும் அன்பரும் தனித்து அதனைக் கண்டறிந்தார். நம் பால்வழி மண்டலத்திற்கு அண்டை மண்டலமாகிய பெரிய மெகல்லன் முகிலில், ஏறத்தாழ 1,68,000 ஒளியாண்டுத் தொலைவில், ஒரு பெரும் விண்மீன் வெடித்ததனால் தோன்றிய ஒளி அஃது. இவ்வாறு வெடித்து ஒளிர்வதனைச் சூப்பர்நோவா என்பர். அவ்வாண்டில் முதலிற் காணப்பட்டமையால் 1987 ஏ என்று அதற்குப் பெயரிட்டனர். 1604 ஆம் ஆண்டிற்குப் பின்னர் இத்துணை ஒளியுடைய சூப்பர்நோவா நிலவுலகத்தார் கண்ணிற்குத் தென்பட்டதில்லை.

இச்செய்தி சில நாள் கழித்து எங்கள் மலைக்கும் எட்டியது. அவ்வமயம் யான் பத்தாம் வகுப்பில் நாண்மீன், கோண்மீன் என்னும் சொற்களின் வேறுபாட்டை விளக்கிக்கொண்டிருந்தேன். தாமே ஒளிவிட்டு நிலைபெற்று நிற்பன நாண்மீன்கள். இடம்பெயர்ந்து செல்வன கோண்மீன்கள் என்றேன். பின்வரிசையில் இருந்த ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, புதிதாகத் தோன்றியுள்ளதாமே ஒரு மீன், அஃது இவ்விரண்டனுள் எது?" என்று வினவினான். "நாண்மீன் பிறப்பதும் இல்லை, இறப்பதும் இல்லை. செய்தித்தாள் எழுதுவனவற்றையெல்லாம் நம்பற்க" என்று கூறி அவனை அமர்த்தினேன்.

எங்கள் பள்ளியின் அறிவியல் ஆசிரியர் இதனைக் கேள்வியுற்றார். என்னினும் மூத்தவர், அமைந்த இயல்பினர். மாலையில் என்பால் வந்து, "புலவர் ஐயா, நூலிற் பார்த்தோம், இனி வானிலும் பார்த்துவிடுவோம், வாருங்கள்" என்று நகைத்துக்கொண்டே அழைத்தார். அவரிடம் ஓர் இருகண் நோக்கி இருந்தது. அம்மாணவனையே வழிகாட்டியாகக் கொண்டு, மார்ச்சுத் திங்களின் முதல் வாரத்தில் ஒரு மாலை, மலையின் தென் விளிம்பிலிருந்த ஒரு பாறைக்குச் சென்றோம். தெற்கே கீழ்நோக்கிப் பார்த்தால் சமவெளி இருளில் மூழ்கிக் கிடந்தது.

அவ்விண்மீன் வானத்தின் தென்முனைக்கு அணித்தாக இருப்பது. ஆதலின் வடநாட்டிலுள்ள தில்லி போன்ற ஊர்களில் அஃது ஒருகாலும் தொடுவானத்திற்கு மேல் எழுவதில்லை. எங்கள் கொல்லிமலையிலோ, தென்திசையில் பத்துப் பாகைக்கும் குறைந்த உயரமே எழும். அந்நிலையிலும், வட ஆர்க்காட்டுச் சவ்வாது மலையிலுள்ள காவலூர் வான் ஆய்வகத்தார் அதன் ஒளியைத் தொலைநோக்கியால் ஆராய்ந்தனர் என்பதனைப் பின்னர் அறிந்தேன். எங்கள் பாறையிலிருந்து நோக்கிய பொழுது, அகத்தியர் பெயரால் வழங்கும் பேரொளி மீன் தென்வானில் விளங்கிற்று. அறிவியல் ஆசிரியர் கையை நீட்டி, விரல்களை விரித்து, "அகத்தியருக்கு நேர் கீழே ஒரு சாண் தொலைவிற் பாருங்கள்" என்றார். வெறுங் கண்ணுக்கு ஒன்றும் புலப்படவில்லை. இருகண் நோக்கியை வாங்கி நெடும்பொழுது தேடினேன். அடிவானத்துப் புழுதிக்கும் ஆவிக்கும் இடையே, அவியப்போகும் அகல்போல் ஒரு சிறு பொறி நடுங்கிக்கொண்டிருந்தது. "அதுதான்" என்றார் ஆசிரியர். நாண்மீன் இறப்பதில்லை என்று வகுப்பிற் கூறிய என் கண்முன்னே, இறந்துபோன ஒரு நாண்மீனின் ஒளி நின்றது. யான் வாய் பேசாது நோக்கியை மாணவன் கையிற் கொடுத்தேன்.

மூன்று வாரம் கழிந்தது. அமாவாசையை ஒட்டிய ஓர் இரவில் மீண்டும் அதே பாறைக்குச் சென்றோம். புதுமீன் முன்னினும் சற்றே ஒளி மிகுந்து, செந்நிறங் கொண்டு தோன்றிற்று. அஃது இன்னும் வளர்ந்துவருவதாகவே செய்திகளும் கூறின. திரும்பும் வழியில் அம்மாணவன் என்னை நோக்கி வினவினான்: "ஐயா, நாள்தோறும் விறகு சுமக்கின்றவன் நான். ஒருமுறை மூட்டிய தீ, விறகு இடாவிட்டால் குறைந்துகொண்டே வரும். இந்த மீன் வெடித்து ஒரு மாதம் ஆயிற்று. வெடித்த பின்னும் ஒளி கூடுகிறதே. உள்ளே இருந்துகொண்டு விறகிடுபவர் யார்?"

மாணவர்களே, இதனினும் சிறந்த வினாவை யான் அதற்கு முன்னர்க் கேட்டதில்லை. ஆயினும் விடை அறியேன் என்று கூற எனக்கு நா எழவில்லை. அறிவியல் ஆசிரியர் முன்னிலையில் மீண்டும் ஒருமுறை தலைகுனிய மனம் ஒருப்படவில்லை. "தேர்வு நெருங்குகிறது. பாடத்தில் இல்லாதவற்றைக் கேட்டுப் பொழுதை வீணாக்காதே, தம்பி" என்று கடிந்துரைத்தேன். அவன் தலையைத் தாழ்த்திக்கொண்டு முன்னே நடந்தான். மலைப்பாதையில் அதன்பின் எவரும் பேசவில்லை. அறிவியல் ஆசிரியர் மட்டும் என் வீட்டு வாயிலில் நின்று, "அவன் கேட்டதற்கு எனக்கும் விடை தெரியாது, ஐயா. ஆனால் அதனை அவனிடம் சொல்லியிருக்கலாம்" என்று மெல்லக் கூறிச் சென்றார்.

தேர்வு முடிந்தது, கோடை விடுமுறை வந்தது. மே திங்கள் 20 ஆம் நாளை ஒட்டி அப்புதுமீன் தன் உச்ச ஒளியை எய்தியது. ஆனால் அந்நாளில் அது பகலிலேயே தோன்றிப் பகலிலேயே மறைந்தமையால் நாங்கள் காண இயலவில்லை. பள்ளி திறந்த பின்னர் அம்மாணவனைத் தேடினேன். குடும்ப வறுமையால் அவன் சமவெளிக்கு வேலை தேடிச் சென்றுவிட்டான் என்றனர். எவ்வூர் என்று அறிந்தார் இலர். அறிவியல் ஆசிரியர் அறிவியல் இதழ்களை வரவழைத்துப் படித்து, எனக்கும் விளக்கினார். அவன் வினாவிற்கு விடை கிடைத்தது. அவ்விடையைப் பெறுதற்கு உரியவனோ அங்கில்லை. அவ்விடையைக் கீழே கூறுவேன்.

விண்மீன் என்பது தன் எடையாலேயே உள்நோக்கி நெருக்கப்படும் ஒரு பெரும் வளித்திரள். நடுவிலுள்ள வெப்பம் வெளிநோக்கித் தள்ள, எடை உள்நோக்கி அழுத்த, இவ்விரண்டும் ஒத்து நிற்கும்வரை விண்மீன் நிலைபெறும். அவ்வெப்பத்தைத் தருவது அணுக்கருக்களின் சேர்க்கை. முதலில் ஐட்ரசன் அணுக்கருக்கள் கூடி ஈலியமாகும். ஐட்ரசன் தீர்ந்தபின், எடைமிக்க விண்மீன்களில் ஈலியம் கூடிக் கார்பனும் ஆக்சிசனும் ஆகும். இவ்வாறு ஒன்றன் சாம்பல் மற்றொன்றற்கு விறகாக, இறுதியிற் சிலிக்கன் வரை செல்லும். சிலிக்கன் எரிந்து நடுவில் இரும்பு திரளும். அதற்குமேல் இரும்புக் கருக்களை ஒன்றுசேர்த்தால் ஆற்றல் கிடைப்பதில்லை, செலவாகவே செய்யும். ஆகவே இரும்பே விண்மீனின் கடைசிச் சாம்பல். ஐட்ரசன் எரிந்து தீரப் பல்லாயிரம் நூற்றாண்டுகள் ஆக, சிலிக்கன் எரிந்து தீரச் சில நாள்களே போதும்.

அவ்விரும்பு உள்ளகம் எவ்வளவு எடை தாங்கும் என்னும் வினாவிற்கு அடிப்படை வகுத்தவர், நம் சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் ஆவார். 1930 ஆம் ஆண்டு, தம் 19 ஆம் அகவையில், இங்கிலாந்திற்குக் கப்பலிற் செல்லும்போதே, எரிந்து தீர்ந்த விண்மீன் தாங்கக்கூடிய எடைக்கு ஓர் எல்லை உண்டு என்று அவர் கணித்தார். அவ்வெல்லை கதிரவனின் எடையைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு. இதனைச் சந்திரசேகர் எல்லை என்று உலகம் போற்றுகின்றது. 1983 இல் அவர் நோபல் பரிசு பெற்றார். இரும்பு உள்ளகம் இவ்வெல்லையை எய்தியதும், நிலவுலகின் அளவினதாகிய அத்திரள் ஒரு நொடிக்குள் சில பத்துக் கிலோமீட்டர் அளவிற்குச் சுருங்கி வீழ்கின்றது. அவ்வீழ்ச்சி தடைப்பட்டு மீளும் அதிர்ச்சியே மேலடுக்குகளைச் சிதறடிக்கின்றது.

இவ்வீழ்ச்சியில் வெளிப்படும் ஆற்றலில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கினை நியூட்ரினோ என்னும் நுண்துகள்களே கொண்டு செல்லும். அவை எப்பொருளையும் ஊடுருவுவன. 1987 பிப்ரவரி 23 ஆம் நாள், நம் நாட்டு நேரப்படி நண்பகல் 1 மணிக்குச் சற்றுப் பின்னர், சப்பானிலிருந்த கருவியில் 11, அமெரிக்காவிலிருந்த கருவியில் 8, அந்நாளைய சோவியத்து நாட்டுக் கருவியில் 5 ஆக 24 நியூட்ரினோக்கள் பதிவாயின. அந்நேரத்தில் அவ்விண்மீன் எங்கள் தொடுவானத்திற்குக் கீழே இருந்தது. ஆகவே அந்நுண்துகள்கள் நிலவுலகையே துளைத்து, எங்கள் காலடி வழியாக மேலெழுந்து சென்றன. அன்று திங்கட்கிழமை. பள்ளியில் நண்பகல் உணவு வேளை. உண்டுகொண்டிருந்த ஒவ்வொருவர் உடலையும் எண்ணிலடங்காக் கோடி நியூட்ரினோக்கள் கடந்தன, ஒருவரும் அறிந்தோமில்லை. இரண்டு மூன்று மணி நேரம் கழித்தே, அதிர்ச்சியலை விண்மீனின் மேற்பரப்பை உடைத்து வெளிவந்த முதல் ஒளி நிலவுலகை எட்டியது.

இனி விறகிட்டவர் யார் என்பதனைக் காண்போம். அவ்வதிர்ச்சியலை சிலிக்கன் அடுக்கின் வழியே பாய்ந்தபோது, அங்கிருந்த பொருளைக் கடும் வெப்பத்திற்கு உள்ளாக்கி, நிக்கல்-56 என்னும் புதுப் பொருளாக மாற்றியது. இந்நிக்கல் நிலையற்றது. 6 நாளில் இதன் பாதி கோபால்ட்டு-56 ஆக மாறும். அக்கோபால்ட்டும் நிலையற்றதே, 77 நாளில் அதன் பாதி இரும்பாக மாறும். இவ்வாறு ஒன்று மற்றொன்றாக மாறும்போதெல்லாம் காமாக் கதிர்களாக ஆற்றல் வெளிப்படும். இதனைக் கதிரியக்கம் என்பர். 1987 ஏ வில் உண்டான நிக்கலின் எடை, கதிரவன் எடையில் நூற்றுக்கு ஏழு பங்கு. நம் நிலவுலகைப் போல் ஏறத்தாழ 23,000 உலகங்களின் எடைக்கு அஃது ஒப்பாகும். அந்நிக்கலும் அதன் வழிவந்த கோபால்ட்டுமே அம்மாணவன் தேடிய விறகு. வெளியிலிருந்து ஒருவரும் இடவில்லை. வெடிப்பே, வெடித்த அந்நொடியில், பின்னாளைக்கு வேண்டும் விறகையும் ஆக்கிவைத்தது.

ஈர வைக்கோலைப் போராக அடுக்கிவைத்தால், எவரும் தீ மூட்டாமலே உள்ளே சூடு ஏறுவதனை உழவர் அறிவர். சில நாள் கழித்துப் போரினுள் கையை விட்டாற் சுடும். உள்ளே நிகழும் மாற்றம் தானே வெப்பத்தைத் தோற்றுவிக்கின்றது. சிதறிய விண்மீனின் உள்ளும் இவ்வாறே வெப்பம் பிறந்தது. வைக்கோலில் அதனைச் செய்வன நுண்ணுயிர்கள். விண்மீனிற் செய்வன அணுக்கருக்கள்.

அங்ஙனமாயின் ஒளி உடனே தோன்றாது மூன்று திங்கள் வரை வளர்ந்தது ஏன்? கொல்லிமலையில் வாழ்வார்க்கு இதனை விளக்குதல் எளிது. பனிமூட்டம் செறிந்த காலையில், பத்தடி தொலைவில் உள்ள விளக்கும் புலப்படாது. மூட்டம் விலக விலக அதே விளக்கு ஒளிமிக்குத் தோன்றும். வெடித்த விண்மீனின் சிதறல்கள் தொடக்கத்தில் அத்தகைய செறிந்த மூட்டமாக இருந்தன. உள்ளே பிறந்த ஆற்றல் அம்மூட்டத்தில் முட்டி மோதி, மெல்ல மெல்லவே வெளிவந்தது. சிதறல்கள் விரிந்து செறிவு குறையக் குறைய, தேங்கியிருந்த ஒளி மிகுதியாகக் கசிந்தது. ஆகவே விறகு நாளுக்கு நாள் குறைந்துகொண்டிருந்தபோதே, ஒளி நாளுக்கு நாள் கூடியது.

இந்த வளர்ச்சி பெரும்பாலான சூப்பர்நோவாக்களில் இவ்வாறு தனித்துத் தோன்றுவதில்லை. 1987 ஏ ஓர் அரிய வகையினது. வெடித்தது எவ்விண்மீன் என்பதனைப் பழைய ஒளிப்படங்களால் தெளிந்தபோது வானியலார் வியப்புற்றனர். கதிரவனைப் போல் ஏறத்தாழ 20 மடங்கு எடையுடன் தோன்றிய நீலநிற விண்மீன் அது. பருத்து விரிந்த செந்நிறப் பெருமீன்களே இவ்வாறு வெடிக்கும் என்று அவர்கள் கருதியிருந்தனர். செம்மீன்கள் கதிரவனைப் போல் பல நூறு மடங்கு அகன்றவை. இந்நீல மீனோ அவற்றிற் பத்தில் ஒரு பங்கு அகலமே உடையது. சிறிய உடல் வெடித்துப் பரந்து விரியும்போது, வெடிப்பிற் கிடைத்த தொடக்க வெப்பம் அவ்விரிவிலேயே செலவாகிவிடும். முதலாகப் பெற்ற பொருளை வழிச்செலவிலேயே தீர்த்துவிட்ட ஒருவன், ஊர் சேர்ந்தபின் நாள்தோறும் ஈட்டும் கூலியைக் கொண்டே வாழ்வதைப் போல, இவ்விண்மீன் தொடக்க வெப்பத்தை விரைவில் இழந்து, கதிரியக்கம் ஈட்டித்தந்த ஆற்றலைக் கொண்டே ஒளிர்ந்தது. அதனாலேயே முதலில் எதிர்பார்த்ததினும் மங்கித் தோன்றிப் பின்னர் வளர்ந்தது.

இவையெல்லாம் உய்த்துணர்வு மட்டுமோ என்று நீங்கள் ஐயுறலாம். ஐயுறுதல் நன்றே. இதற்குச் சான்றுகள் இரண்டு கிடைத்தன. 100 மூட்டைக் கோபால்ட்டு இன்று இருப்பதாகக் கொண்டால், 77 நாளில் 50 மூட்டையும், 154 நாளில் 25 மூட்டையும், 231 நாளில் பன்னிரண்டரை மூட்டையும் எஞ்சும். 1987 சூலைத் திங்கள் முதல் அப்புதுமீனின் மொத்த ஒளியும் இக்கணக்கின்படியே குறைந்துவந்தது. இது முதற் சான்று. ஒவ்வொரு பொருளும் வெளியிடும் காமாக் கதிருக்குத் தனக்கே உரிய ஆற்றல் அளவு உண்டு. அது கைரேகை போன்றது. அவ்வாண்டு ஆகத்துத் திங்கள் தொடங்கி, கதிரவனை ஆராய்வதற்கென்று அமெரிக்கர் செலுத்தியிருந்த ஒரு செயற்கைக்கோள், அப்புதுமீனிலிருந்து வந்த கோபால்ட்டு-56 இன் கதிர்களையே பதிவு செய்தது. இது மறுக்கவொண்ணாத இரண்டாம் சான்று.

வெடித்த விண்மீனின் நடுவில் எஞ்சியது யாது என்னும் வினா நெடுங்காலம் விடையின்றி நின்றது. செறிந்து சுருங்கிய நியூட்ரான் விண்மீன் ஒன்று அங்கு இருத்தல் வேண்டும் என்று நியூட்ரினோக்கள் உணர்த்தின. அதற்கு வலுவான சான்றினைச் சேம்சு வெப் விண்வெளித் தொலைநோக்கி வாயிலாகப் பெற்று, 2024 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். வினாவிற்கும் விடைக்கும் இடையே 37 ஆண்டுகள் கழிந்திருந்தன.

எல்லாச் சூப்பர்நோவாக்களுக்கும் விறகு ஒன்றே எனக் கருதுதலும் பொருந்தாது. 2020 சனவரியிற் கண்டறியப்பட்ட 2020 ஏ.என்.கே. என்பது மிகப் பேரொளி உடையது. நைனிதால் ஆரியபட்டா ஆய்வு நிறுவனத்தார், தேவஸ்தல் மலையிலுள்ள 3.6 மீட்டர் தொலைநோக்கியாலும், சந்திரசேகர் பெயர் தாங்கி லடாக்கின் ஆன்லேயில் நிற்கும் 2 மீட்டர் தொலைநோக்கியாலும் அதனை ஆராய்ந்தனர். அத்துணை ஒளியை நிக்கல் ஒன்றே தருதல் அரிது. கடுங் காந்தப் புலமும் கடுஞ் சுழற்சியும் உடைய ஒரு நியூட்ரான் விண்மீன், சுழலும் பம்பரம் தன் வேகத்தை இழப்பதுபோல் இழந்து, அவ்வாற்றலைச் சிதறல்களுக்கு ஊட்டியிருத்தல் வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்தனர். ஆகவே, விறகிட்டவர் யார் என்னும் வினா, ஒவ்வொரு புதுமீனைக் காணும்போதும் புதிதாகக் கேட்கத்தக்கதாகவே உள்ளது.

அப்புதுமீனின் ஒளி தன் இடத்திலிருந்து புறப்பட்டது ஏறத்தாழ 1,68,000 ஆண்டுகளுக்கு முன்னர். ஓரி கொல்லியை ஆண்டபோது, அது தன் நெடுவழியிற் பெரும்பகுதியைக் கடந்து, இன்னும் 2,000 ஒளியாண்டுத் தொலைவே எஞ்சிநிற்க, நம்மை நோக்கி வந்துகொண்டிருந்தது. கோபால்ட்டு இறுதியில் இரும்பாவதனை மேலே கூறினேன். நிலவுலகிலுள்ள இரும்பிற் பெரும்பகுதியும், கதிரவன் தோன்றுவதற்கு முன்னரே வெடித்தழிந்த விண்மீன்களில் இவ்வாறு நிக்கலாகப் பிறந்து இரும்பாக முடிந்ததேயாகும். அம்மாணவன் விறகு வெட்டிய கொடுவாளும், அவன் குருதியைச் சிவப்பித்த இரும்பும் அவ்வழி வந்தவையே. விண்மீனுக்கு விறகு யாது என்று கேட்டவன், அவ்விறகின் எச்சத்தைக் கையிற் பிடித்துக்கொண்டே கேட்டான் என்பது அன்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அதன்பின் முப்பது ஆண்டுகளுக்குமேல் ஆசிரியப் பணி ஆற்றி ஓய்வு பெற்றேன். அக்காலமெல்லாம், விடை தெரியாத வினா எழுந்தபோது, "யான் அறியேன், அறிந்து வந்து சொல்வேன்" என்று கூறுதலை வழக்கமாகக் கொண்டேன். முதன்முறை அவ்வாறு சொல்லும்போது நாக் குழறியது, பின்னர் எளிதாயிற்று. அதனால் எம்மாணவனும் என்னை இகழ்ந்ததில்லை. சந்தைகளிலும் பேருந்து நிலையங்களிலும், அகவையால் ஒத்தவர் எவரையேனும் காணின், அம்மாணவனோ என்று உற்று நோக்குவேன். அவனை இன்றுவரை கண்டிலேன்.

மாணவர்களே, உங்கள் வினா பாடநூலில் இல்லை என்பதற்காக அதனை அடக்கிவிடாதீர்கள். உடனே விடை கூறுவார் இலராயின் மனம் சோராதீர்கள். விடை சில வேளை மறுதிங்களில் வரும். சில வேளை முப்பது ஆண்டு கழித்து வரும். அன்று அம்மலைப்பாதையில் தலைகுனிந்து நடந்தவனுக்கு யான் செலுத்தவேண்டிய கடன் இவ்விடை. அவன் எங்கிருப்பினும், அவன் மக்களோ பேரரோ இந்நூலைப் படிக்கும் வகுப்பில் இருத்தல் கூடும். அவர்கள் இன்றிரவு வீட்டிற்குச் சென்று இவ்விடையை அவனுக்கு உரைப்பாராயின், என் கடன் தீரும்.